மூட்டு

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நின்றால்
எனக்குப் பிழைப்பு.
நேற்று சாயங்காலத்திலிருந்து
ஒரு டயர்கூட உருளவில்லை.
டீக்காரன், சுண்டல்காரன், சிம் கார்டு விற்கும் பையன்,
அவர்களுக்குப் பின்னால் நான்.
தோள்பையில், பெரியமேட்டில் கழிவு விலைக்கு வாங்கிய
ஆட்டுத்தோல்.

'ஸ்டியரிங்குக்கு உறை தைக்கணுமா?'
ஒன்பது பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள்.
பத்தாவது ஆள் சங்ககிரிக்காரர், சென்னிமலை.
'ஏறி வாங்க்கா. வண்டி எங்க போயிரப் போவுது.'

உள்ளே ஊதுபத்தி, வெங்காயம், பாதித் தூக்கம்.
சக்கரத்தில் பழைய ரெக்ஸின்
வெயில்பட்ட முதுகு மாதிரி உரிந்து தொங்கியது.
உரித்துப் போட்டேன். அளந்தேன்.
தோலை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
காய்ந்தால் முரண்டு பிடிக்கும், ஊறினால் இளித்துவிடும்;
காது மடலைத் தொட்டால் எப்படியோ
அப்படி இருக்கணும்.

இரண்டு முனையும் சேரும் இடத்தில்
மூட்டு கொஞ்சம் தடிக்கும்.
அதை எப்போதும் சக்கரத்தின் அடியில் வைப்பேன்,
கை படாத இடம் என்று.

பிறகு ஒரு நூல், இரண்டு ஊசி.
ஒரே துளையில் இடமிருந்து ஒருத்தி போக
வலமிருந்து இன்னொருத்தி வருவாள்,
குறுகலான சந்தில் குடத்தோடு எதிர்ப்படுகிறவர்கள்
இடிக்காமல் விலகுவது போல.
அப்புறம் இழுப்பு.
விட்டுப் பிடித்தால் நூல் தொங்கும்,
ஒரு சுண்டு கூடுதலாகப் போனால்
துளை நீண்டு சொட்டு மாதிரி ஆகிவிடும்.
மெத்துத்தோல் கிழியும்போது சத்தமே வராது.
அதனால் நான் மூச்சை விடும்போதுதான் இழுப்பேன்.
மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால்
மூச்சே விடத் தோன்றாது.
அப்போது காத்திருப்பேன்.

நூற்றுத் தொண்ணூறு தையல் ஆனபோது
முன்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அவனுக்கு முன்னால் இன்னொருவன்.
பதினாறு மணி நேரத்துக்குப் பிறகு
வரிசை நகர்ந்தது.

'எறங்கறீங்களாக்கா?'
ஊசி இரண்டும் சக்கரத்தில் தொங்குகின்றன.
'நீ பாட்டுக்கு ஓட்டு,' என்றேன்.

ஓட்டினார்.
சக்கரம் திரும்பத் திரும்ப
காத்தாடி நூல் மாதிரி விட்டும் இழுத்தும்
பக்கத்து சீட்டில் நான்.
அப்போதுதான் பார்த்தேன்:
அந்த மனுஷன் மேலே பிடிக்கவே இல்லை.
வலது கை தொடைமேல் கிடந்தது, தோள் ஏறாது போல.
இடது உள்ளங்கையை மட்டும் அடியில் பரப்பி
ரொட்டி மாவு தேய்ப்பது மாதிரி
பதினெட்டு சக்கர வண்டியைத் திருப்பினார்.
சரியாக என் மூட்டின்மேல்.

கேட்டேன். 'ஒறுத்துதா?'
'இல்லீங்க்கா, லேசா.
பழகிப் போயிருமுங்க.'

திருவொற்றியூர் தேரடி தாண்டி மறுபடி நின்றோம்.
அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல
நூற்றுத் தொண்ணூறையும் பிரித்தேன்.
பிரிப்பது சுலபம் என்பார்கள்;
தைத்தவளைக் கேட்டுப் பார்க்கணும்.
சக்கரத்துக்கு இரண்டே கம்பி, அது ஒரு புண்ணியம்.
உறையை அரைச் சுற்று சுற்றி
மூட்டை உச்சிக்குக் கொண்டுபோய்
முதல் துளையிலிருந்து ஆரம்பித்தேன்.
எதிர்ப்பக்கம் கடல் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது.
வண்டி நகரும்போது நிறுத்தி,
நின்றபோது தைத்து,
இருநூற்று எண்பதாவது முடிச்சை
காசிமேட்டில் உள்ளே செருகினேன்.

சக்கரத்தை அடியில் தடவிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி,
'எ...ம...ரென்...சியா. நீங்கதானுங்களா?'
பேசியதைவிட ஐம்பது ரூபாய் குறைவாக அனுப்பினார்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பிவர ஷேர் ஆட்டோ. முன் சீட்டு.
வழி நெடுக
ஓட்டுகிற பையனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
'இன்னாக்கா?' என்றான்.
'ஒண்ணுமில்ல. நீ ரோட்டப் பாரு.'